பிளக்கைப் பிடுங்கினாலும் ஷாக் அடிக்கும்!

கரண்ட் போனதும் ‘பீப், பீப்’ என்று கத்துகிறதே, கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருக்கும் யு.பி.எஸ். பெட்டி. அந்தச் சத்தம் கேட்டால்தான், அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே பலருக்கு ஞாபகம் வருகிறது. கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான்.

‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டு விடுகிறார்கள். இது ஆபத்து!

பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட் ஈய பாட்டரி. அதன் ஆயுள் 3 முதல் 5 வருஷம். சென்னை வெயிலில், காற்றுப் புகாத மூலையில் வைத்தால் இன்னும் குறையும். வயதான பாட்டரி சூடாகி உப்பும். அதற்குப் பிறகும் சார்ஜ் ஏறினால் அமிலம் கசியலாம். தீப்பிடிக்கவும் கூடும்.

முன்பு 20 நிமிஷம் தாங்கியது இப்போது 2 நிமிஷத்தில் படுத்து விடுகிறதா? அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? உடனே மாற்றி விட வேண்டும்.

உயிருக்கு உலை

மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. ‘பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே’ என்று தைரியமாகக் கை வைக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கினால், கரண்ட் போய் விட்டது என்றுதான் அந்தப் பெட்டி நினைக்கும். பாட்டரியில் இருந்து 230 வோல்ட் கரண்ட் தர ஆரம்பித்து விடும்! தொட்டால் உயிர் போகும்.

முதலில் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். யு.பி.எஸ். சுவிட்சையும் அணைத்து விட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றி விட வேண்டும். பாட்டரியின் கறுப்பு வயரை முதலிலும் சிவப்பு வயரை அடுத்தும் எடுக்க வேண்டும். புதியதை மாட்டும்போது சிவப்புதான் முதலில். உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தொடவே கூடாது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் அங்கே கரண்ட் தங்கி இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

குப்பையில் விஷம்

பழைய பாட்டரியை என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதை உடைத்தால் அமிலம் சாக்கடையில் ஓடும். ஈயத்தூள் தெருவில் பரவும். அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது.

பழைய பாட்டரியைச் சேகரித்து மறுசுழற்சி செய்வது தயாரிக்கும் கம்பெனிகளின் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசு விதி கொண்டு வந்தது. மற்ற குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று பொதுமக்களுக்கும் அதில் கட்டளை இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. புது பாட்டரி விற்கும் ஒவ்வொரு கடையும் பழையதைக் கேட்டு வாங்க வேண்டும். அதிகாரிகள் அதைக் கண்காணிக்க வேண்டும்.

அதற்கு முன், இன்று இரவே மேஜைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்!