பெயரளவுக் குழு போதாது

ஒடிசா மாநிலம் பாலசோரில் 2025 ஜூலை 12-ந் தேதி, கல்லூரி வளாகத்திலேயே 20 வயது மாணவி ஒருவர் தீக்குளித்தார். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. துறைத் தலைவர் பாலியல் தொல்லை கொடுக்கிறார் என்று அவர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார். தீக்குளித்த பிறகுதான் துறைத் தலைவரும் முதல்வரும் கைதானார்கள்.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் விசாரணைக் குழு இருக்க வேண்டும். பெண்ணே தலைமை வகிக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். துறைத் தலைவர் போன்ற அதிகாரிகள் உறுப்பினராகக் கூடாது. இரு தரப்பையும் கேட்டு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

ஆனால், கல்லூரியின் பெயர் கெட்டுவிடும் என்று புகாரை அமுக்கினால் விதி ஏட்டுச் சுரைக்காய்தான். புகார் கொடுத்தவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை பாய்வது அதைவிடக் கொடுமை.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, வயிற்றைக் கட்டி மகளைப் படிக்க வைப்பவர்கள் நாம். கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரித்தால் போதாது. குழுவில் யார் யார் என்றும் கேட்க வேண்டும். மகள் வாய் திறந்தால், "பொறுத்துப் போ" என்று அடக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கத் துணை நிற்க வேண்டும். அதுவே பெற்றோர் கடமை.