ரிபேட் யாருக்கு, பில் யாருக்கு?

அமெரிக்காவில் மின்சாரக் கம்பெனிகள் ஒரு புதுவித மான்யம் வழங்கி வருகின்றன. கட்டிடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் பயிர் செய்யும் முதலாளிகள், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் யந்திரம் வாங்குகிறார்கள். மின்சாரத்தைக் குறைவாகத் தின்னும் ரகமாகப் பார்த்து வாங்கினால், அதன் விலையில் ஒரு பகுதி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இதற்கு ரிபேட் என்று பெயர். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நல்ல காரியம்தானே, இதில் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். மிச்சப்படுத்துவதில் ஒரு குறையும் இல்லை. ரிபேட் பணம் யார் பையிலிருந்து எடுக்கப்படுகிறது, யார் பைக்குப் போகிறது என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பஞ்சாலையில் நூல் அறுபடாமல் இருக்க ஈரக் காற்றை உள்ளே செலுத்துவார்கள். அந்தப் புழுக்கத்தில் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு அதை நாம் விளக்க வேண்டியதில்லை. பயிர்க் கட்டிடத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு. செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியே ஆவியாக வெளியேறுகிறது. வயலாக இருந்தால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். நான்கு சுவருக்குள் அது எங்கே போகும்? அறையிலேயே தங்கிப் புழுங்கும். பூவில் பூஞ்சணம் பிடிக்கும். சரக்கு பாழாகும். ஆகவே குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்றை ஓட்டுகிறார்கள். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் கோர்ப்பது போலக் காற்றின் ஈரம் நீராகி வடிந்துவிடுகிறது. இதுதான் யந்திரத்தின் வேலை.

உழவனுக்குச் சூரியன் வெளிச்சத்தைச் சும்மா கொடுக்கிறது. இங்கே அதற்கு விளக்கு. விளக்கின் சூட்டைத் தணிக்கக் குளிர்சாதனம். இலை விடும் ஈரத்தை இழுக்க ஒரு யந்திரம். அந்த யந்திரம் கக்கும் சூட்டைத் தணிக்க மறுபடியும் குளிர்சாதனம். இரவும் பகலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு செலவு செய்து எதை விளைவிக்கிறார்கள்? கீரை வகைகளும் உண்டு. ஆனால் முக்கியமான சரக்கு கஞ்சா. கொலராடோ, வாஷிங்டன் ராஜ்யங்களில் 2012ல் நடந்த ஓட்டெடுப்பில் கஞ்சா விற்பனை அனுமதிக்கப்பட்டது. 2014ல் கடைகள் திறந்தன. பிறகு பல ராஜ்யங்கள் அதே வழியில் சென்றன. கஞ்சாவை அனுமதித்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே நமது கணக்கு மின்சாரத்தைப் பற்றியது. கட்டிடத்துக்குள் கஞ்சா வளர்க்கும் தொழில், நாடு முழுவதும் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 1 சதவிகிதத்தை விழுங்குகிறது என்று இவான் மில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2012லேயே மதிப்பிட்டார். கொலராடோ ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2021ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. ஒரு கிலோ உலர்ந்த பூவை இப்படித் தயாரிப்பதால், இடத்துக்குத் தக்கபடி, 2283 முதல் 5184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான புகை வானத்தில் சேருகிறது என்று அது காட்டியது.

நல்ல யந்திரத்தால் பலன் உண்டா? உண்டு. ஒரு கூடத்தில் தினமும் 1000 லிட்டர் ஈரத்தை இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர் இழுக்கும் யந்திரம் சுமார் 667 யூனிட் தின்னும். மூன்று லிட்டர் இழுக்கும் யந்திரத்துக்கு சுமார் 333 யூனிட் போதும். பாதிக்குப் பாதி மிச்சம். இதை நாம் மறுக்கவில்லை, வரவேற்கிறோம்.

ஆனால் ரிபேட் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. கம்பெனிப் பங்குதாரர்களின் லாபத்திலிருந்தும் வருவதில்லை. மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் மின்சார பில்லில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது வசூலாகிறது. ஓரிகனில் 1999ல் இயற்றிய சட்டப்படி, 2002 முதல் இரண்டு பெரிய மின்சாரக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களிடம் பில்லில் 3 சதவிகிதம் கூடுதலாக வசூலித்தார்கள். 2021ல் சட்டத்தைத் திருத்தி, மின்சார மிச்சத்துக்கான செலவைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறியது; கொடுக்கிறவன் மாறவில்லை. ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவனும், பஸ் ஓட்டுகிறவனும், வேலை இழந்து வீட்டில் இருக்கிறவனும் விளக்குப் போடும்போதெல்லாம் இந்த நிதிக்குக் காசு கட்டுகிறார்கள்.

அவர்களுக்கும் ரிபேட் உண்டு என்று கம்பெனிகள் சொல்லும். சுவருக்குக் காப்பு அமைக்க, நல்ல யந்திரம் வாங்கத் திட்டங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவன் யாருடைய சுவரை மாற்றுவது? விலையில் ஒரு பகுதியைத்தான் ரிபேட் தாங்கும். மீதியைப் போடக் கையில் முதல் இல்லாதவனுக்கு அது எட்டாக்கனி. எல்லோரும் கட்டுகிறார்கள், முதல் வைத்திருப்பவன் அள்ளுகிறான்.

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. ஒரு யூனிட்டைப் புதிதாக உற்பத்தி செய்வதைவிட ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவது மலிவு. புது மின் நிலையம் கட்டும் செலவு தள்ளிப்போனால் எல்லோருடைய பில்லும் குறையும் என்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்காகவே திட்டம் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தினமும் நூற்றுக்கணக்கான யூனிட்டை மிச்சப்படுத்தும் யந்திரம் முதலாளிக்கே லாபம் அல்லவா? ரிபேட் இல்லாவிட்டாலும் அவன் அதைத்தானே வாங்குவான்? இப்படிப்பட்டவர்களுக்குத் திட்டத் தணிக்கையாளர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஓசிச் சவாரிக்காரர்கள்! வாங்கப்போகிறவனுக்கே மேலும் பணம் கொடுப்பது மிச்சமா, வெகுமதியா?

வேறு வழி இல்லையா என்றால், அமெரிக்காவிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவின் கட்டிட விதிகள், 2023 ஜனவரி 1 முதல், புதிதாக அமையும் பயிர்க் கூடங்களின் ஈர யந்திரங்களுக்குத் தரம் விதித்திருக்கின்றன. அங்கே நல்ல யந்திரம் வைப்பது முதலாளியின் தயவல்ல, அவனுடைய கடமை. கொலராடோவின் போல்டர் ஜில்லா இன்னொரு வழி காட்டியது. கஞ்சா வளர்ப்பவர்கள் தங்கள் மின்சாரத்துக்கு ஈடாகச் சூரிய சக்தி போன்றவற்றை ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் யூனிட்டுக்கு 2.16 சென்ட் வீதம் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும் என்று அது விதித்தது. மின்சாரத்தைத் தின்கிறவனே மிச்சத்துக்கும் பணம் போடட்டும் என்பது அதன் பொருள். இது நியாயம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பூவில் பூஞ்சணம் பிடிக்கக் கூடாதென்று இத்தனை யந்திரம், இத்தனை ரிபேட். அந்தக் கட்டிடத்தில் வேலை செய்கிறவனின் நுரையீரலைப் பற்றி ரிபேட் விண்ணப்பத்தில் ஒரு வரி உண்டா? 2022 ஜனவரியில் மாசசூசெட்ஸில், கஞ்சாவை அரைக்கும் கூடத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளி மூச்சிழுப்பு வந்து இறந்துபோனார். அரைக்கும்போது பறக்கும் தூசியே அந்த நோய்க்குக் காரணம் என்று மத்திய சர்க்காரின் சுகாதார ஸ்தாபனம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அமெரிக்கக் கஞ்சாத் தொழிலில் இப்படிப் பதிவான முதல் மரணம் அது. பஞ்சுத் தூசியில் மார்பு அடைத்து இருமும் நமது ஆலைத் தொழிலாளிக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கும்.

அமெரிக்காவின் 1935ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டம், சங்கம் சேரும் உரிமைக்குப் பாதுகாப்பு அளித்தபோது, விவசாயத் தொழிலாளியை வெளியே நிறுத்தியது. இன்றும் அவன் வெளியேதான் நிற்கிறான். கலிபோர்னியா போலத் தனிச் சட்டம் செய்த ராஜ்யங்களில் மட்டும் விதிவிலக்கு. விளக்கடியில் செடி வளர்க்கிறவனும் இந்த விலக்கில் அகப்பட்டுக்கொள்கிறான். ரிபேட் வாங்கும்போது அது வர்த்தகக் கட்டிடம்; தொழிலாளி சங்கம் வைக்கப் போனால் அது பண்ணை! முதலாளிக்கு எது சௌகரியமோ அதுவே பெயர்.

தொழிலும் நிலையானதல்ல. கட்டிடத்துக்குள் கீரை வளர்த்த ஏரோஃபார்ம்ஸ் கம்பெனி 2023 ஜூனில் திவால் மனு கொடுத்தது. பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கதவைச் சாத்தியது. பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவன் பூட்டிவிட்டுப் போனால் யார் பொறுப்பு?

ஆகவே அங்குள்ள உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டியவை தெளிவானவை. நல்ல யந்திரம் வைப்பதை எல்லா ராஜ்யங்களிலும் சட்டமாக்கு. அதற்கான நிதியை, போல்டரில் செய்தது போல், மின்சாரத்தை விழுங்கும் தொழிலிடமே வசூல் செய். அதற்கு மேலும் பொது நிதியிலிருந்து ரிபேட் கொடுப்பதானால் நிபந்தனையோடு கொடு: தூசியும் பூஞ்சணமும் இல்லாத காற்று, சங்கம் சேரும் உரிமை, குறித்த காலத்துக்குள் மூடினால் பணம் வாபஸ். குடிசையில் ஒரு விளக்கு எரிப்பவனுக்கு முதலில் பில்லைக் குறை.

மிச்சப்படுத்துவது எல்லோருக்கும் நல்லது. அந்த மிச்சத்தில் பில் கட்டுகிறவனுக்கும், செடியைப் பறிக்கிறவனுக்கும் பங்கு வேண்டும். அந்தப் பங்கு இல்லாத ரிபேட், ஏழையின் மீட்டரிலிருந்து பணக்காரனின் பெட்டிக்குப் பணம் போகும் வழியாகவே இருக்கும்.