வலிமைக்கும் வரம்புண்டு

மரக்காணத்து உப்பளத்தார் ஓர் உண்மையை நன்கறிவர். உப்பு விளைந்தபின் எஞ்சும் கைப்பு நீரை உரிய பொழுதில் வடித்துவிடல் வேண்டும். மேலும் விளையட்டும் என விட்டுவைப்பின், விளைந்த உப்பும் கைத்துப்போம். இரும்பை முதலாய சுற்றூர்களில் கட்டுடல் வேட்கையால் எடைதூக்கும் இளைஞரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

உரோனி கோல்மன் என்னும் அமெரிக்கர், 1998 முதல் 2005 வரை எட்டாண்டும் ஒலிம்பியா ஆணழகர் பட்டம் வென்றார். பின்னரோ முதுகிலும் இடுப்பிலும் பன்முறை அறுவைக்கு ஆட்பட்டு, ஊன்றுகோலின்றி நடக்கவியலாதவரானார். ஆங்கிலேயர் தோரியன் யேட்சு அப்பட்டத்தை ஆறுமுறை வென்றவர். தசைநாண் அறுந்ததும், 1997-இல் போட்டிக்களம் நீங்கினார். கடும்பளுவைக் குறைத்து, ஓகப் பயிற்சியை மேற்கொண்டார். அது தோல்வியன்று, அறிவு.

தசைபெருக்கக் குத்திக்கொள்ளும் செயற்கை இயக்குநீர் நெஞ்சாங்குலையைத் தடிக்கச் செய்யும். உடல் தானே சுரக்கும் ஆண்மைநீரையும் ஒடுக்கும். மேடையில் ஒருநாள் மின்னும் தோளுக்காக, உழைத்துக் குடிகாக்க வேண்டிய நாற்பதாண்டை ஈடு வைப்பதா? வள்ளுவர் வகுத்த வலியறிதல் அரசர்க்கு மட்டுமன்று. தன்னுடலை ஆள்வார்க்கும் உரியதே.

தமிழிளைஞனே! இரும்பைத் தூக்கக் கற்றாய். உரிய அளவில் அதனை இறக்கிவைக்கவும் கற்றுக்கொள்!