எண்ணெயைக் குறைச்சாச்சு... உப்பு, தொப்பை, தூக்கம்?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும், ‘ஹார்ட்டுக்கு நல்லது’ என்று முதலில் கைவைப்பது எண்ணெயில்தான். தோசைக்கு ஒரு சொட்டு, வடைக்குத் தடா. நல்லதுதான். ஆனால், அதே தட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன். இட்லி மாவு, சாம்பார், பொரியல், ஸ்டேஷன் வாசலில் வாங்கும் மிக்சர் பாக்கெட் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன்! அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். போண்டாவில் போடும் சோடா மாவும் அப்படியே. இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாமா? அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் ஏற ஏற ரத்த அழுத்தமும் ஏறும்.

ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் நீந்தி, இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து, குவித்த சாதத்தைச் சாப்பிட்டு அப்படியே படுப்பவர்கள் இங்கே ஏராளம். செலவாகாத மாவுச்சத்து கொழுப்பாக மாறி வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. - இதைத் தாண்டினால் நம் உடல்வாகுக்கு அது எச்சரிக்கை. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள்!

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவிகிதத்துக்கு ஒன்பது காரணிகளே பின்னணி என்றது அது. ரத்தக் கொழுப்பு அதில் ஒன்று. புகை, சர்க்கரைநோய், ரத்த அழுத்தம், தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் சாப்பிடாதது எல்லாம் மற்றவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம்.

தூக்கமும் கணக்கில் உண்டு. 2022-ல் அமெரிக்க இதயச் சங்கம் தன் இதயநலப் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். ஓ.எம்.ஆர். நைட் ஷிஃப்ட்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், ஆனால், பி.பி. செக் செய்ய அவர்கள்தான் முதலில் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பைசா செலவில்லை.

நெஞ்சு அடைத்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல், 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு மூச்சுத்திணறல், தாடை வலி, குமட்டல் என்றும் வரலாம். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகள் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் பரிசோதித்துக் கொடுப்பது அது. முன்கூட்டியே வாங்கி வீட்டு டப்பாவில் வைத்துக்கொள்வதற்கல்ல.