இடுப்பில் கட்டிய துண்டு

பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் பாதம் கழுவிக்கொள்ள அழைக்கப்படும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கால் தேய்த்து, நகம் வெட்டி, சலவை வேட்டி கட்டிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். பங்குசாமி குனிந்து ஊற்றுகிற தண்ணீருக்கு அங்கே வேலையே இருக்காது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமி தொடப்போகிற காலை அழுக்கோடு நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் அரண்மனையிலும் இதே கவலை இருந்திருக்கிறது. அவருக்கு 39 வயது நடந்தபோது 39 ஏழைப் பெண்களை வரவழைத்து அவர்களின் பாதங்களைக் கழுவினார். அதற்கு முன்பே அரண்மனைச் சலவைப் பணியாளர் ஒருமுறை, தானதர்ம அதிகாரியின் உதவியாளர் ஒருமுறை, அதிகாரி ஒருமுறை என்று மூன்று பேர் கழுவிவிட்டார்கள். அரசி நாலாவது ஆள். இன்று அங்கே அந்தச் சிரமமும் இல்லை. மன்னரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் நாணயப் பை கொடுப்பதோடு சடங்கு முடிந்துவிடுகிறது.

2013 மார்ச்சில், தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு வாரங்களே ஆகியிருந்த போப் பிரான்சிஸ் ரோமில் உள்ள சிறார் சிறை ஒன்றுக்குப் போய்ப் பன்னிரண்டு கைதிகளின் காலைக் கழுவி முத்தமிட்டபோது திருச்சபைக்குள்ளேயே பலருக்கு அது செரிக்கவில்லை. பன்னிரண்டு பேரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியர்களும் இருந்தார்கள். சட்டப்படி ஆண்களின் காலைத்தான் கழுவ வேண்டும் என்று அப்போது விதி. மூன்று வருடம் கழித்து, 2016இல், விதியையே மாற்றினார்.

இந்தச் சடங்கு பிறந்த இடம் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராவுணவில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பற்றிச் சொல்கிறார்கள். யோவான் அதை விட்டுவிட்டு, மற்றவர்கள் சொல்லாத கால் கழுவுதலைச் சொல்கிறார். லூக்கா இன்னொரு தகவல் தருகிறார்: அந்தப் பந்தியிலேயே சீடர்களுக்குள் யார் பெரியவர் என்று வாக்குவாதம் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் காட்சி தெளிவாகும். புழுதித் தெருவில் நடந்து வந்த கால்கள். கழுவிவிடுவது அடிமையின் வேலை. இவர்கள் கூட்டத்தில் அடிமை யாரும் இல்லை. நான் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் குருவான இயேசு எழுந்திருக்கிறார். மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்.

இந்த இடத்தைப் படிக்கிற தமிழ்நாட்டுக் கிராமத்து ஆளுக்கு, பெரிய வேதசாஸ்திரப் பண்டிதருக்கும் படாத ஒன்று உடனே படும். நம் ஊரில் துண்டு எங்கே இருக்கிறது என்பதுதான் ஆள் யார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பண்ணையார் வருகிறார் என்றால் தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்குப் போகும், இல்லையென்றால் இடுப்பில் சுற்றிக்கொள்ளும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடந்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, ஆண்டவர் என்று கும்பிடப்படுகிறவர் தானே துண்டை இடுப்புக்கு இறக்கினார் என்றால் வேறு விளக்கவுரை வேண்டியதில்லை. சீடர் பேதுரு ஏன் பதறி, என் காலை நீர் தொடவே கூடாது என்று மறுத்தார் என்பதும் புரியும். பண்ணையார் திடீரென்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பண்ணையாளின் குடிசை வாசலில் குனிந்தால் அந்த ஆள் என்ன செய்வார்? ஓடித்தான் போவார்.

காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அப்போது பந்தியில்தான் இருக்கிறார். அவர் எழுந்து வெளியே போவது கால் கழுவி முடிந்த பிறகுதான். இதைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் குறைவு.

தாழ்மையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களோ ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்பதில்தான் எனக்குத் தகராறு. வேலைக்காரி தாழ்மையாக இருக்க வேண்டும், மருமகள் தாழ்மையாக இருக்க வேண்டும், உபதேசியார் பேராயர் முன்னால் தாழ்மையாக இருக்க வேண்டும், சம்பளம் குறைவு என்று கேட்கிற மிஷன் பள்ளி ஆசிரியை ஊழிய மனப்பான்மையோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே துண்டு இடுப்பில் இருக்கிறவரிடம் போய்த் துண்டை இறக்கு என்று சொல்வதற்கு நற்செய்தி தேவையில்லை, பண்ணையாரே போதும். யோவான் சொல்லும் கதையில் இறங்குகிறவர் மேலே இருந்தவர். பிலிப்பி நகரத்துச் சபைக்குச் சிறையிலிருந்து பவுல் எழுதியதும் இதைத்தான்: கடவுளின் தன்மையில் இருந்தவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் அடிமையின் நிலைக்கு வந்தார் என்று.

தென்திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொண்டவர்கள். மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதுதான் மரியாதை, அதுதான் பணிவு. 1820களில் தொடங்கி அவர்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள், அதற்கு மேல் தோள்சீலையும் போட்டார்கள். சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன. லண்டன் மிஷன் பாதிரிமார் மனு மேல் மனு போட்டார்கள், சென்னை கவர்னர் டிரவெல்யன் நெருக்கினார், 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. வேதத்தில் தாழ்மையைப் படித்த பெண்கள்தான் தோளில் துணி வேண்டும் என்று அடிபட்டார்கள். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த மரபில் உண்மையிலேயே தாழ்ந்து தொண்டு செய்தவர்களின் வாழ்க்கையைப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அவர்கள் பெரும்பாலும் பணிவானவர்கள் அல்லர். பிடிவாதக்காரர்கள், சண்டைக்காரர்கள். குருவே அப்படித்தான், மற்ற மூன்று நற்செய்திகளின்படி, அந்த வாரத்தில்தான் எருசலேம் ஆலயத்துக்குள் போய்க் காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்த்திருந்தார்.

தமியான் சாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் 1840இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டியது அவருடைய அண்ணன்; அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட, உள்ளூர் மடத் தலைவரைத் தாண்டி நேராகத் துறவற சபைத் தலைமைக்கே கடிதம் எழுதி அந்த இடத்தைத் தான் வாங்கிக்கொண்டார். தொழுநோயாளிகளை நாடு கடத்துவது போல மொலோக்காய் தீவின் ஒரு முனையில் கொண்டுபோய் விடுவதற்கு ஹவாய் அரசு 1865இல் சட்டம் போட்டிருந்தது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்து மலை. 1873 மே மாதம் தமியான் அங்கே இறங்கினார். முதல் நாட்களில் தங்க வீடில்லை, ஒரு தாழை மரத்தடியில் படுத்துக்கொண்டார். பிறகு பதினாறு வருடம் தச்சர், கொத்தனார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், சவப்பெட்டி செய்கிறவர், குழி வெட்டுகிறவர். பலகை அனுப்பு, தண்ணீர்க் குழாய் அனுப்பு, துணி அனுப்பு என்று சுகாதார வாரியத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார். வாரியத்துக்கு அவர் தலைவலி, சபைத் தலைவர்களுக்கும் தலைவலி. 1884 இறுதியில் ஒருநாள் கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்தார். சுடவில்லை. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தனக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தது. 1889 ஏப்ரல் 15இல் இறந்தார், வயது 49.

அவர் இறந்ததும் ஹொனலுலுவில் இருந்த ஹைட் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் ஒரு கடிதத்தில், அந்த மனிதர் முரடர், அழுக்கர், பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டார். அது அச்சேறியது. ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் தமியான் இறந்து சில வாரங்களிலேயே அந்தக் குடியிருப்பில் போய் எட்டு நாள் தங்கியவர். 1890இல் ஹைட்டுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, ஸ்டீவன்சன் குற்றச்சாட்டுகளை முழுக்க மறுக்காததுதான். முரடுதான், அழுக்குதான், பிடிவாதம்தான் என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, ஆனால் அங்கே இருந்தது அவர், நீங்கள் உங்கள் நல்ல வீட்டில் இருந்தீர்கள் என்று வாதாடுகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அநியாயம். தமியானுக்கு முன்பே, நோயே இல்லாத ஹவாய்க்காரர்கள் அந்த முனைக்குப் போயிருந்தார்கள். நோய் கண்ட கணவனோடு மனைவி, பிள்ளையோடு தாய். அவர்களில் யாருக்கும் புனிதர் பட்டம் இல்லை. தமியானுக்கு 2009இல் கிடைத்தது.

நம் பக்கத்திலும் ஒரு பிடிவாதக்காரி இருந்தார். ஈவ்லின் பிராண்ட், லண்டனில் வசதியான வீட்டுப் பெண். கணவர் ஜெசியோடு கொல்லிமலைக்கு வந்தார். 1929இல் ஜெசி அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மிஷன் சபை ஈவ்லினைச் சமவெளியில் வைத்துக்கொண்டது, எழுபதை நெருங்கும்போது ஓய்வு கொடுத்தது. சரி என்று விடைபெற்றுக்கொண்டு நேரே மலையேறிவிட்டார். மட்டக்குதிரை மேல் ஏறிக் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்த பிறகும் சுற்றினார். மலைக் கிராமங்களில் நரம்புச் சிலந்தி நோய் பரவுவது குடிதண்ணீரில் இறங்கி நிற்பதால்தான் என்று ஊர் ஊராகச் சொல்லிக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வைத்தார். 1974இல், 95 வயதில் இறந்தபோது கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கடைசி இருபது வருடம் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். அதைத் தாழ்மையின் அடையாளமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, நேரம் இருந்திருக்காது என்றே படுகிறது.

அந்த மகன்தான் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், நோயாளிகளின் விரல்கள் ஏன் இப்படி மடங்கியிருக்கின்றன என்று கேட்டார். எலும்பு மருத்துவர் நீர்தானே, நீர் சொல்லும் என்றார் அங்கிருந்த டாக்டர் காக்ரேன். பிராண்ட் கண்டுபிடித்தது, அதுவரை எல்லோரும் நம்பியதைப் புரட்டிப்போட்டது. தொழுநோய் விரலை அழுக வைத்துத் தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, வலி தெரியாத கால் ஆணி மேல் நடக்கிறது. தமியான் கொதிநீரில் வைத்த காலுக்கு நடந்தது இதுதான். ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் தெரியாது என்று கண்டதும், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

கை அறுவை சிகிச்சைக்காக பிராண்டுக்கு உலகப் புகழ் கிடைத்தது. ஆனால் அவர் அதே அளவு மண்டையை உடைத்துக்கொண்டது செருப்புக்காக. கால் புண்ணை ஆற்றி அனுப்புவார்கள், ஆறு மாதத்தில் அதே புண்ணோடு திரும்பி வருவார்கள். எந்த ரப்பர் எத்தனை மிருதுவாக இருந்தால் உள்ளங்காலில் அழுத்தம் பரவலாக விழும் என்று வருடக்கணக்கில் பார்த்தார். அதில் வந்ததுதான் இன்றும் அரசு மருத்துவமனைகளில் தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மிருதுவான ரப்பர்ச் செருப்பு. வேலூர்ப் பக்கம் 1955இல் திறக்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மருத்துவமனை அந்த வேலையின் தொடர்ச்சி.

அங்கே சொல்லிக்கொடுக்கிற கால் கவனிப்பு இதுதான்: பாதத்தைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைக்க வேண்டும், தடித்த தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும், ஈரத்தோடு எண்ணெய் தடவ வேண்டும், முள்ளோ வெடிப்போ இருக்கிறதா என்று தினமும் உற்றுப் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு, விரல் மடங்கியவர்களுக்கு, வீட்டில் யாராவது செய்துவிட வேண்டும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து மனைவியின் பாதத்தை மடியில் வைத்துப் பார்க்கிறவர் தன்னை ஊழியக்காரர் என்று நினைத்துக்கொள்வதில்லை. அவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இது முடிந்துபோன கதை என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். உடம்பில் நிறம் வெளிறியோ சிவந்தோ ஒரு படை தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். மருந்து இலவசம்.