ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாமா?

கறவை மாட்டின் மடியில் சிறு வெடிப்பு கண்டால் அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் செல்கிறோம். நுகத்தடி உராய்ந்து மாட்டின் கழுத்து புண்ணானால் ஏரை நிறுத்திவிடுகிறோம். ஆனால் நம் காலில் ஆறு மாதமாக ஆறாத புண்ணுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறோம். இது சரியல்ல.

தோல் புற்றுநோய் வெயிலால் வருவது என்பார்கள். வெள்ளைத் தோல்காரர்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவுக்கு அது பொருந்தும். நம் தோலின் கறுப்பு நிறமி வெயிலைப் பெரிதும் தாங்கும். பிறவியிலேயே உடல் முழுதும் வெளுத்திருப்பவர்கள்தான் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையுமாக வெயிலுக்குப் பெரிதும் அஞ்ச வேண்டும். மற்றவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. நெடுநாள் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பு, ஓயாத உராய்வு ஆகியவையே அந்த வழிகள்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி என எந்த வேலையிலும் முதலில் அடிபடுவது கால்தான். சீமைக்கருவேல் முள் குத்தும்; அறுத்த தட்டையின் அடிக்கட்டை கிழிக்கும். காயம் ஆறுவதும் உடைவதுமாகப் பல ஆண்டுகள் கிடந்தால் அந்த இடம் புற்றாக மாறக்கூடும். வேட்டியை இறுக்கிக் கட்டி இடுப்பில் வரும் புற்றைப் பற்றி 1945லேயே பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் கானோல்கர் எழுதினார். பெண்களின் பாவாடை நாடாவும் அதே கெடுதலைச் செய்யும். நாடாவைத் தளர்த்தி, இடம் மாற்றிக் கட்டுவது காசில்லாத காப்பு. வயலுக்குச் செருப்போ பூட்ஸோ போட்டுப் போவதும், காயத்தை அன்றே சோப்புப் போட்டுக் கழுவுவதும் அப்படியே.

நான்கு வாரத்தில் ஆறாத புண், ஓரம் தடித்துக் காலிபிளவர் போலப் பூத்த புண், தொட்டால் ரத்தம் கசிவது, துர்நாற்றம், தொடையிடுக்கில் நெறி கட்டுவது, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ பரவும் கரும்புள்ளி: இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. எருக்கம்பால், சுண்ணாம்பு, சூடு போடுதல் எதுவும் வேண்டாம்.

ஆறாத புண் எல்லாம் புற்று அல்ல. சர்க்கரை நோயாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். எதுவென்று அறியச் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து ஓடுவதுதான் பல கால்களைப் பறிக்கிறது. தொடக்கத்தில் வந்தால் புண்ணை மட்டும் வெட்டி எடுத்துத் தோல் ஒட்டலாம். எலும்பைத் தொட்டபின் வந்தால் காலையே எடுக்க நேரும். காலை இழந்த சிறு விவசாயிக்கு நிலம் இருந்தும் என்ன பயன்?

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளுக்கு அரசு பரிசோதனை நடத்துகிறது. ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர்கள் உழவரின் பாதத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி அரசு ஆணையிட வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை, கண் போதும். ஆணை வரும்வரை, குளிக்கும்போது வாரம் ஒரு முறை உள்ளங்காலைத் திருப்பி நாமே பார்த்துக்கொள்வோம்.