ஆம்ப் வாங்கப் போறோமாமே... ஒரு நிமிஷம்!

போன வாரம் இதே இடத்தில் 'பாம்பு பால் குடிக்குமா?' என்று படித்திருப்பீர்கள். இந்த வாரம் நான் எழுதுவது ஒரு பெட்டியைப் பற்றி. எலெக்ட்ரிக் கிடார் பக்கத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்குமே, அந்த ஆம்ப்ளிஃபயர்தான்.

முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்தில் இசைக்குழுவுக்கு ஒரு ஆம்ப் வாங்கலாம் என்று பாட்டு மிஸ் சொன்னாலும் சொன்னார், மியூசிக் ரூமில் தினமும் பட்டிமன்றம்தான். "நூறு வாட்ஸ் வாங்கணும்டா, ஜன்னல் அதிரணும்" என்று ஒரு கட்சி. "நிறைய எஃபெக்ட் உள்ளதா வாங்கணும்" என்று இன்னொரு கட்சி. நான் மூணாவது கட்சி. இப்போதைக்கு என் கட்சியில் நான் ஒருத்தன்தான். கிடாரின் சத்தத்தைச் சுத்தமாக, அப்படியே பெரிதாக்கித் தரணும். அழுத்தி வாசிச்சா லேசாக் கரகரக்கணும். அது போதும் என்பது என் கருத்து. முதலாவதை 'க்ளீன்' என்பார்கள், இரண்டாவதை 'ஓவர்டிரைவ்' என்பார்கள்.

இந்தக் கருத்து எனக்கு எப்படி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. போன ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் பாடினான். நான் கிடார். வாடகை ஆம்பில் டிஸ்டார்ஷன் குமிழை முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தேன். மேடையில் நிற்க எனக்கு சொர்க்கமாக இருந்தது. இறங்கி வந்ததும் அவனுடைய அம்மா என்னிடம் வந்தார். "நல்லா வாசிச்சீங்க தம்பி. எம் பையன் பாடுனானாப்பா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு மகனுடைய வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பாடினான்மா" என்றேன்.

மறுநாள் பிசிக்ஸ் சாரிடம் போய் டிஸ்டார்ஷன் என்றால் என்ன என்று கேட்டேன். சார் போர்டில் ஒரு அலை வரைந்தார். டஸ்டரை எடுத்து அதன் உச்சியையும் அடியையும் நேராகத் துடைத்தார். "இதாண்டா" என்றார். ஆம்ப் கொடுக்கக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டிக் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். தலை வெட்டுப்பட்ட அலையில் கிடாரில் இல்லாத புதுச் சுரங்களும் சேர்ந்து வரும். அந்தக் கரகரப்பு அதுதான். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததே, அந்த மாதிரி வால்வு போட்ட ஆம்ப் தலையை மெதுவாக வளைக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லைக்கு வந்ததும் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டிவிடும். அதனால்தான் வால்வு ஆம்பின் லேசான கரகரப்பு காதுக்கு இதமாக இருக்கிறது.

இதில் நம் குழுவுக்கு முக்கியமான சங்கதி வேறு. கொஞ்சம் கணக்கு வருகிறது, பக்கத்துப் பேப்பருக்கு ஓடிவிடாதீர்கள். மேஜர் கார்டு என்பது ச, க, ப மூன்றும் சேர்ந்தது. ச 200 ஹெர்ட்ஸ் என்றால் ப ஏறக்குறைய 300, கிடார் தரும் க ஏறக்குறைய 252. தலை வெட்டுப்படும்போது இரண்டு சுரங்களின் வித்தியாசமும் தனிச் சத்தமாகப் பிறக்கும். ச-வும் ப-வும் மட்டும் இருந்தால் வித்தியாசம் 100. அது கீழ் ஸ்தாயி ச. நல்லாத்தான் இருக்கும். க உள்ளே வந்தால் 252-இல் 200 போக 52. 300-இல் 252 போக 48. இந்த 52-ம் 48-ம் ஒன்றோடொன்று உரசி நொடிக்கு நாலு தடவை உறுமும். ராக் வாசிப்பவர்கள் க-வை விட்டுவிட்டு ச-ப மட்டும் வைத்து 'பவர் கார்டு' பிடிப்பது சும்மா இல்லை. ஆனால் நாம் வாசிப்பது என்ன? காலைப் பிரார்த்தனைப் பாட்டு, சினிமாப் பாட்டு, டிசம்பரில் கேரல். எல்லாமே முழுக் கார்டு. க இல்லாவிட்டால் மேஜரா மைனரா என்றே தெரியாது. அப்புறம் பாடுகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவான்?

வாட்ஸ் கட்சிக்கு ஒரு வார்த்தை. 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாட்ஸ் அதிகம் இருந்தால் தலை வெட்டுப்படாமல் சத்தம் கூட்ட இடம் கிடைக்கும். 1963-இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் 85 வாட்ஸ், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். க்ளீன் சத்தத்துக்கு உலகப் புகழ். எடை முப்பது கிலோவை நெருங்கும். நம் மியூசிக் ரூம் மாடியில் இருக்கிறது, தூக்கப் போவது யார் என்று யோசியுங்கள். அதேபோல 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120. வால்வே கிடையாது, அத்தனையும் டிரான்சிஸ்டர். க்ளீன் என்றால் இதைத்தான் சொல்வார்கள். ஆக, வால்வு இல்லாவிட்டால் நல்ல சத்தம் வராது என்பது பொய்.

"அப்ப வால்வு ஆம்பே வாங்கலாமே, லேசான கரகரப்புதானே உனக்கு வேணும்?" என்று பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் மடக்கினார். ஆசைதான் அண்ணா. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் மாதிரி 15 வாட்ஸ் வால்வு ஆம்ப் அதைத்தான் அழகாகச் செய்யும். ஆனால் வால்வுகள் தானாக வளைந்து கொடுக்க அதை நல்லா முடுக்கணும். வகுப்பறையில் 15 வாட்ஸ் வால்வை முடுக்கினால் எச்.எம். சார் படியேறி வந்துவிடுவார். குறைத்து வைத்தால் எதிர்பார்த்த அந்த இனிப்பு வராது. வால்வுகள் தேயும், மாற்றணும். ஸ்பீக்கர் ஒயரைச் செருகாமல் யாராவது ஆன் செய்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கி நிற்கும். எதைக் கொடுத்தாலும் ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்கிற நம்ம பசங்க கையில் இது வேண்டாம்.

என் யோசனை இது. வால்வு இல்லாத, க்ளீன் சத்தம் நல்லா இருக்கிற ஆம்ப் ஒன்று. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்தும் அதே ருசி வருகிற மாதிரி வாட்ஸைக் குறைக்கும் வசதி இருந்தால் ரொம்ப நல்லது. பாஸ் கட்டானா 50-இல் 50, 25, அரை வாட்ஸ் என்று மாற்றிக்கொள்ள ஒரு குமிழ் உண்டு. கூடவே ஓவர்டிரைவ் பெடல் ஒன்று. காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிதான். 1981-இல் வந்த பாஸ் எஸ்டி-1 இன்னும் கடையில் கிடைக்கிறது. அதில் டிரைவைக் கால்வாசி மட்டும் வைத்து லெவலைக் கூட்டினால் வேண்டிய கரகரப்பு வந்துவிடும். மெதுவாக மீட்டினால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு. கிடாரின் வால்யூமை 10-இலிருந்து 7-க்கு இறக்கினால் திரும்பவும் சுத்தம். எல்லாமே விரலில் இருக்கும். ஆம்பைத் தொடவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது நம் பள்ளிக் கிடாரையே எடுத்துப் போகணும். கடைக்காரரின் விலை உயர்ந்த கிடாரில் எந்த ஆம்பும் நல்லாத்தான் கேட்கும். ரிவர்பை அணைத்துவிட்டு, குமிழ்களை நடுவில் வைத்து, ஒரு ஜி கார்டை நிதானமாக மீட்டி, ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று கவனிக்கணும். ஆம்ப் பக்கத்திலேயே நின்று கேட்கக் கூடாது. ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துக் கத்தும், கூர்மையான சத்தமெல்லாம் நமக்குத் தெரியாமலே முன் வரிசைக்குப் போய்விடும். நான் அன்றைக்கு மேடையில் ஏமாந்தது அங்கேதான். பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்கணும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கூடவே ஒரு பாடகரை அழைத்துப் போகணும். ஆம்ப் பக்கத்தில் மைக் இல்லாமல் பாடவிட்டுப் பார்க்கணும். பாட்டின் வார்த்தை கேட்கிற அளவுக்குக் குறைத்து வைத்தும் கிடார் உயிரோடு இருந்தால் அந்த ஆம்ப் நமக்கானது. குறைத்ததும் செத்துப்போனால் எத்தனை எஃபெக்ட் இருந்தும் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை மிஸ் கடைக்குப் போகிறார். நானும் வரலாம் என்றார். அந்தத் தம்பி இப்போ ஏழாம் வகுப்பு. அவனையும் கூட்டிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். "அவங்க அம்மாகிட்ட பர்மிஷன் லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார் மிஸ். லெட்டரை நானே போய் வாங்கி வருவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இசைக்குழு கிடார்,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு